தகரச் சத்தத்தில் தொலைந்த துளிகள்

என் மருமகளை எங்கள் தெருவில் மாவுக்காரி என்றுதான் சொல்வார்கள். அவள் மாவு விற்கிறவள் இல்லை. மாவில் வாய்க்கு ருசியாக எதையும் செய்கிறவளும் இல்லை. அவள் சுட்ட ரொட்டியை வைத்துச் சுவரில் ஆணி அடிக்கலாம். மழை வந்தால் ஒரு தட்டு நிறைய மைதா மாவைப் பரப்பிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடுவாள். அதனால் வந்த பேர்.

எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்கிறேன், என் மகள் எழுதுகிறாள். நடுவில் எதையாவது இனிக்க இனிக்க மாற்றினால் காதைத் திருகிவிடுவேன் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

மருமகள் கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. நான் கொடியில் காய்ந்த துணியை எடுக்க மாடிக்கு ஓடுகிறேன். இவள் எனக்கு முன்னால் ஓடுகிறாள். சரி, வீட்டு வேலையில் கை கொடுக்க வருகிறாள், நல்ல பெண்தான் என்று நினைத்தேன். துணியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மாவுத் தட்டை மழையில் நீட்டி, மேலே மூடியிருந்த துணியைக் கண்ணை மூடித் திறப்பதற்குள் எடுத்துவிட்டு மறுபடி மூடினாள். பிறகு தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியிறங்கினாள், ஏதோ கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி.

"ஏம்மா, நல்ல மாவை நனைக்கிறியே, உனக்கு என்ன வந்துச்சு?"

"துளி பிடிக்கிறேன் அத்தை."

"பிடிச்சு?"

"அளக்கப் போறேன்."

"அளந்து?"

"இந்த மழையில ரேடியோ அலை எவ்வளவு தொலையும்னு சொல்லுவேன்."

"தொலைஞ்சது அலை இல்லம்மா, உனக்குத்தான் என்னவோ தொலைஞ்சிருக்கு. பொண்ணு பாக்க வந்தப்ப உங்க வீட்ல ஒருத்தரும் வாயத் திறக்கல."

கோபித்துக்கொள்வாள் என்று பார்த்தேன். சிரித்தாள். அவள் சிரித்தால் பக்கத்து வீட்டு நாய் எழுந்து நிற்கும், அப்படி ஒரு சிரிப்பு. அன்றைக்கே தெரிந்துகொண்டேன், இவளை என் நாக்கால் ஒன்றும் செய்ய முடியாது என்று.

அந்த மாவு வேலையை அப்புறம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஒவ்வொரு துளியும் மாவில் விழுந்து ஓர் உருண்டையாகிவிடும். பெரிய துளிக்குப் பெரிய உருண்டை, சின்னதுக்குச் சின்னது. அதை அடுப்புச் சூட்டில் காய வைப்பாள். பெரிய கண் சல்லடை, நடுத்தரக் கண் சல்லடை, பொடிக் கண் சல்லடை என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சலிப்பாள். எந்தச் சல்லடையில் எத்தனை உருண்டை நின்றது என்று எண்ணுவாள். நானும் எத்தனையோ மாவு சலித்திருக்கிறேன், கட்டியை எறிந்துவிட்டு மாவை எடுத்துக்கொள்வேன். அவள் மாவைக் கொட்டிவிட்டுக் கட்டியை எடுத்து வைப்பாள்.

இவளுக்கும் என் மகனுக்கும் ஒரே கம்பெனியில் வேலை. கம்பி போட முடியாத இடங்களுக்கு டவர் நட்டு, வட்டமான டிஷ் வைத்து, காற்றிலேயே பேச்சையும் படத்தையும் அனுப்புகிற கம்பெனி. இவள் உள்ளே உட்கார்ந்து கணக்குப் போடுகிறவள். அவன் வெளியே டவரில் ஏறுகிறவன். இரண்டு பேரும் எப்படிப் பழகினார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாள், வெட்கமே கிடையாது.

எங்கள் தெருவுக்குப் பின்னால்தான் அந்தக் கம்பெனியின் டவர் ஒன்று நிற்கிறது. மாடியிலிருந்து பார்த்தால் அடி முதல் நுனி வரை தெரியும். அதற்கு அப்பால் அகன்ற தண்ணீர். தண்ணீருக்கு அந்தப் பக்கம் ஒரு தீவு, தீவில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. அங்கே எலும்பு முறிந்தவனுக்கும் தலையில் அடிபட்டவனுக்கும் படம் எடுப்பார்கள். ஆனால் அந்தப் படத்தைப் பார்த்துச் சொல்கிற பெரிய டாக்டர் ஊருக்குள் இருக்கிறார். படம் இந்த டவர் வழியாகத்தான் தண்ணீரைத் தாண்டி வந்தாக வேண்டும்.

மழை கொட்டினால் அந்தச் சிக்னல் செத்துவிடும். உடனே மேனேஜர் என் மகனுக்குப் போன் போடுவார். "காத்துல டிஷ் திரும்பிடுச்சு. ஏறிச் சரி பண்ணு." அவன் ஈரக் கம்பியில் ஏறுவான். கீழே கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவன் கூட்டாளி நிற்பான். அவனுக்குப் பேரே கயிறுதான். இவன் மேலே போய்ப் போல்ட்டைத் தளர்த்தி, டிஷ்ஷை இப்படி அப்படி அசைத்து, மறுபடி முறுக்குவான். சிக்னல் வந்துவிடும். ஒரு தடவையல்ல, ஒவ்வொரு தடவையும். அதனால் கம்பெனியில் அவனுக்கு ராசி என்று பேர் வைத்தார்கள். கைராசிக்காரன் கை வைத்தால் போதுமாம். அவனும் அந்தப் பேரைச் சட்டை மாதிரி மாட்டிக்கொண்டு திரிந்தான். எனக்கும் பெருமைதான், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அவன் கீழே வருகிற வரைக்கும் நான் மாடியை விட்டு இறங்க மாட்டேன்.

ஒருநாள் சாப்பாட்டின்போது மருமகள் சொன்னாள்.

"டிஷ் திரும்பல. மழைதான் அலையைத் தின்னுது."

"நான் ஏறினா சிக்னல் வருது. அது பொய்யா?" என்றான் மகன்.

"நீங்க பெல்ட்டு கட்டி, மேல போய்ச் சேர்றதுக்குள்ள மழை குறைஞ்சிடுது. அதனால வருது."

"அப்ப நான் சும்மா ஏறுறேனா?"

"ஆமா."

கொஞ்சமாவது சுற்றி வளைத்துச் சொல்லியிருக்கலாம். அவன் பாதிச் சோற்றில் கையைக் கழுவிவிட்டான். நான் அவளைப் பார்த்தேன்.

"கட்டினவன்கிட்ட இப்படியா பேசுவே?"

"வேற எப்படிப் பேசுறது அத்தை? வழுக்கிற கம்பியில ஏறுறவர்கிட்ட?"

மழை எப்படி அலையைத் தின்னும், அதற்குப் பல்லா இருக்கிறது என்று கேட்டேன். அவள் அப்பா பஸ் ஓட்டினவர். சின்ன வயதில் டிரைவர் சீட்டுக்குப் பின்னாலேயே உட்கார்ந்து போவாளாம்.

"அப்பா சொல்லுவாரு அத்தை. சில மழையில வாளி வாளியா கொட்டும், ஆனா எதிர்ல வர்ற லாரியோட விளக்கு தெரியும். சில மழையில அவ்வளவு தண்ணி இருக்காது, ஆனா ஒண்ணுமே தெரியாது, வெள்ளைத் துணி தொங்கவிட்ட மாதிரி இருக்கும். தண்ணி எவ்வளவுன்றது மட்டும் இல்ல. அந்தத் தண்ணி எப்படி உடைஞ்சு விழுதுன்றதுதான். ஒரு குடம் தண்ணி கொஞ்சம் பெரிய துளியா வந்தா நடுவுல சந்து இருக்கும். அதே குடம் நடுத்தரத் துளியா கூட்டமா வந்தா எங்க டிஷ்ஷோட அலைக்குச் சந்தே கிடையாது. முட்டி முட்டிச் செத்துப்போகும்."

"இது உங்க மேனேஜருக்குத் தெரியாதா?"

"அவர்கிட்ட ஒரு அட்டவணை இருக்கு. குளிர் நாட்டு மழையை அளந்து போட்டது. அந்த மழைக்கு அது சரி. நம்ம மழை அந்த மழை இல்ல. அந்த அட்டவணைப்படி பாத்தா இந்தச் சிக்னல் சாகவே கூடாது. செத்தா டிஷ்ஷுதான் திரும்பியிருக்கணும்னு அவர் முடிவு."

"தப்பான அளவுக்குத் தைச்ச சட்டையைப் போட்டுக்கிட்டு உடம்பைக் குத்தம் சொல்ற மாதிரி."

"அத்தை, இதை நான் ஆபீஸ்ல சொல்லிக்கட்டுமா?"

"சொல்லிக்கோ. என் பேரைச் சொல்லாதே. அந்த ஆளுக்கு ஏற்கெனவே என்னைக் கண்டா ஆகாது."

நம் மழைக்கென்று ஒரு கணக்குப் போட்டுவிட்டால், எந்த மழைக்குச் சிக்னல் சாகும், எப்போது தானே எழுந்து வரும் என்று முன்கூட்டியே சொல்லலாம், பிறகு ஒருவனும் ஈர டவரில் ஏற வேண்டியதில்லை. இதுதான் அவள் பிடிவாதம். மேனேஜரும் ஒரு கருவி கொடுத்தார். தட்டு மாதிரி இருக்கும். மேலே துளி விழுந்தால் அந்த அடியைக் கேட்டு, இது இவ்வளவு பெரிய துளி என்று எழுதி வைத்துக்கொள்ளும். காது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை எங்கள் மாடியில் வைத்தார்கள். சலவை மெஷினுக்காக என் மகன் தகரக் கூரை போட்டிருந்தான், கரண்டு பிளக்கு அங்கேதான் இருக்கிறது. அதனால் தகரத்துக்குப் பக்கத்திலேயே கருவி உட்கார்ந்தது. கொஞ்சம் தள்ளி மழைத்தண்ணி மொத்தமாகப் பிடிக்கிற குழாய் ஒன்று.

மழைக்காலம் முழுக்க அது கேட்டுக்கொண்டே இருந்தது. மருமகள் அதை வைத்துக் கணக்குப் போட்டாள். போட்டு முடித்த அன்றைக்குத் தலைகால் புரியவில்லை. எனக்குக்கூட ஒரு டீ போட்டுக் கொடுத்தாள். குடிக்க முடியவில்லை, இருந்தாலும் குடித்தேன். மறுநாள் மேனேஜரிடம் போய், இவ்வளவு மழை வரைக்கும் சிக்னல் தாங்கும், அதைத் தாண்டினால்தான் சாகும், அப்படிச் செத்தால் தானாக வரும், ஆளை ஏற்றாதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அடுத்த மழை வந்தது. அவள் சொன்ன அளவில் பாதியைக்கூட எட்டவில்லை. சிக்னல் செத்துவிட்டது.

மேனேஜர் போனில் சிரித்தது எனக்கே கேட்டது. "உங்க கணக்குப்படி இந்த மழைக்குச் சிக்னல் தாங்கணுமேம்மா? தாங்கலையே! அப்ப டிஷ்ஷுதானே திரும்பியிருக்கு?" என் மகனை ஏற்றினார்.

அன்றைக்கு அவன் வழுக்கினான். பெல்ட் பிடித்துக்கொண்டது. கயிறும் கயிற்றைப் பிடித்துக்கொண்டான். முழங்காலிலிருந்து கணுக்கால் வரை தோல் உரிந்து வந்தான். நான் மஞ்சள் வைத்துக் கட்டினேன். வாய் சும்மா இருக்கவில்லை.

"என் பையன் விழுந்து செத்தா உன் கணக்கு வந்து எழுப்புமா?"

மருமகள் அழவில்லை. பழைய துணியைக் கிழித்து எனக்குக் கட்டுப்போட நீட்டினாள்.

"எழுப்பாது அத்தை. அதனாலதான் கணக்கைச் சரி பண்ணணும்."

"இன்னும் கணக்கா?"

"எங்கயோ தப்பு பண்ணியிருக்கேன். எங்கன்னு தெரியல. தெரியும்."

தெரியும் என்று சொன்னாள் பாருங்கள், அடுத்த வீட்டில் உப்பு இருக்கும் என்று சொல்கிற மாதிரி. எனக்கு ஆத்திரம் வந்தது. அதே நேரத்தில், இவளுக்கு என் மகனைக் கொடுத்தது தப்பில்லை என்றும் தோன்றியது. இரண்டும் ஒரே வயிற்றில்.

கருவி வந்த பிறகு மாவுத் தட்டைப் பரணில் போட்டிருந்தாள். அதை மறுபடி இறக்கினாள். ஒரே மழையை மாவிலும் பிடித்தாள், கருவியிலும் கேட்டாள். மாவில் நடுத்தர உருண்டையும் சின்ன உருண்டையும் எள்ளு கொட்டின மாதிரி கிடந்தன. கருவி சொன்ன கணக்கிலோ பெரிய துளிகள்தான் இருந்தன, சின்னதைக் காணோம். முதலில் மாவைத்தான் சந்தேகப்பட்டாள். பெரிய துளி விழுந்து சிதறிப் பல உருண்டையாகிறதோ என்று, மாடியிலிருந்து முற்றத்துத் தட்டில் ஒவ்வொரு சொட்டாக விட்டுப் பார்த்தாள். ஒரு சொட்டுக்கு ஓர் உருண்டைதான். என் தலையிலும் ஒரு சொட்டு விட்டாள், தெரியாமல் விட்டேன் என்றாள். நம்பவில்லை.

பிறகு ஒரு பகலில் பேய் மழை. அவள் தட்டோடு மாடிக்குப் போனாள். நான் துணிக்காகப் போனேன். இரண்டு பேரும் தகரத்தின் கீழ் மாட்டிக்கொண்டோம். மேலே கல்லைக் கொட்டுகிற மாதிரி சத்தம். அவள் என்னைப் பார்த்து என்னவோ சொல்கிறாள், வாய் அசைகிறது.

"என்ன?"

மறுபடி வாய் அசைகிறது.

"தொண்டையில என்ன அடைச்சிருக்கு? கத்து!"

"தட்டைப் பிடிங்கன்னு சொன்னேன்!" என்று கத்தினாள். பிடித்தேன். அவள் கையை எடுக்கவில்லை. தட்டை நானும் பிடித்திருக்கிறேன், அவளும் பிடித்திருக்கிறாள், அப்படியே தகரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறாள். என் காதோரம் வந்து கத்தினாள்.

"அத்தை! மெல்லச் சொன்னது எதுவும் கேக்கலையா?"

"ஒண்ணும் கேக்கல. கத்தினது மட்டும்தான் கேட்டுது."

"அதுக்கும் அப்படித்தான்!"

"எதுக்கு?"

தகரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கருவியைக் காட்டினாள். தட்டை என் கையில் விட்டுவிட்டு அந்த மழையில் இறங்கி அதன் பக்கத்தில் போய்க் குந்தினாள். தலை முதல் கால் வரை நனைந்து சிரிக்கிறாள். பக்கத்து வீட்டு நாய்க்கு மட்டும் அன்றைக்குக் கேட்டிருக்காது.

கீழே வந்து விளக்கிச் சொன்னாள். அந்தக் கருவி சுற்றிலும் இருக்கிற சத்தத்தில் ஏமாறக் கூடாது என்று, இரைச்சல் கூடினால் மெல்லிய அடிகளைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுமாம். மழை வலுத்தால் தகரம் கத்தும். தகரம் கத்தினால் கருவி செவிடாகும். பெரிய துளியின் அடி மட்டும் கேட்கும். அதாவது எந்த மழையை அளக்க வேண்டுமோ அந்த மழையில்தான் அது அதிகமாக ஏமாந்தது. குழாயில் பிடித்த மொத்தத் தண்ணீர் கருவி சொன்னதைவிடக் கூடுதலாக இருந்ததை இவள் முதலிலேயே பார்த்திருக்கிறாள். குறைகிற தண்ணீரைப் பெரிய துளிகளின் தலையில் ஏற்றிவிட்டாள். பெரிய துளியென்றால் சந்து இருக்கும், அலை தாங்கும் என்று கணக்குச் சொன்னது. உண்மையில் அந்தத் தண்ணீர் முழுக்க நடுத்தரக் கூட்டமாக வந்து விழுந்திருக்கிறது.

"என் தப்புதான். கருவி கேக்கலன்னு நினைக்கல, மழையில இல்லன்னு நினைச்சேன்."

அன்றைக்குச் சாயந்திரமே தகரத்தைப் பிரிக்கச் சொன்னாள். கட்டுப்போட்ட காலோடு என் மகன் நின்றான்.

"நான் அடிச்ச தகரம். ஒரு ஆணிகூட ஆடல, பாத்தியா?"

"நல்லாத்தான் அடிச்சிருக்கீங்க. அதான் பிரச்சனை."

"மழையில என் துணி துவைக்கிற மெஷினு?" என்றேன் நான்.

"நனைஞ்சா இன்னும் சுத்தமா இருக்கும் அத்தை."

தகரம் போயிற்று. கருவியை மாடியின் அந்தக் கோடிக்கு நீள வயர் போட்டுக் கொண்டுபோய், அடியில் பஞ்சு மெத்தைத் துண்டு வைத்து உட்கார வைத்தாள். இப்போது மாவும் கருவியும் ஒரே பேச்சைப் பேசின. மழைக்கு மழை எண்ணினாள். சல்லடை பிடித்துப் பிடித்து அவள் விரல் நுனி தேய்ந்துவிட்டது. கணக்கை மறுபடி அடியிலிருந்து கட்டினாள். இந்தத் தடவை டீ போடவில்லை, அந்த மட்டும் பிழைத்தேன்.

மேனேஜர் லேசில் மசியவில்லை. "ஒரு தடவை சொன்னது நடக்கலையேம்மா." இவள் ஒரே பேச்சாகப் பேசிவிட்டு வந்திருக்கிறாள். அடுத்த பெருமழைக்கு யாரும் ஏறக் கூடாது. சிக்னல் எப்போது சாகும் என்று முன்னாலேயே சொல்கிறேன். எப்போது எழும் என்றும் சொல்கிறேன். மழை நின்ற பிறகு இல்லை, மழை பெய்துகொண்டிருக்கும்போதே எழும். நடக்கவில்லையென்றால் இனி மழையைப் பற்றி வாய் திறக்க மாட்டேன், நீங்கள் சொல்லும்போதெல்லாம் என் வீட்டுக்காரர் ஏறட்டும்.

இதை வீட்டில் சொன்னபோது எனக்கு ரத்தம் தலைக்கேறியது.

"பந்தயம் வைக்க என் பிள்ளைதான் கிடைச்சானா?"

"ஒவ்வொரு மழைக்கும் அவரை வச்சுத்தான் ஆடிட்டிருக்காங்க அத்தை. நான் ஆட்டத்தை நிறுத்தப் பாக்கிறேன்."

மகன் காலில் காய்ந்த பொருக்கைச் சொறிந்துகொண்டிருந்தான்.

அந்த மழை ஒரு மத்தியானம் தண்ணீர்ப் பக்கத்திலிருந்து சுவர் மாதிரி நகர்ந்து வந்தது. மகனும் கயிறும் கம்பெனி வேனில் டவரடியில் இருந்தார்கள். மருமகள் படிக்கட்டு முகப்பில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, கருவி சொல்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போன் தரையில், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. நான் குடையோடு மாடி வாசலில் நின்றேன். என்னை யாரும் கூப்பிடவில்லை, என் மாடி, நான் நிற்பேன்.

"சார், இன்னும் கொஞ்ச நேரத்துல போயிடும்," என்றாள் போனில். மழை வலுத்தது. "இப்ப."

மேனேஜர் "போயிடுச்சு," என்றார்.

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

அதற்குள் தீவு ஆஸ்பத்திரியிலிருந்து மேனேஜருக்கு இன்னொரு போன். ஓட்டுக் கூரையில் ஏறி விழுந்தவர் ஒருவர், தலையில் அடி. படம் பாதி வந்து நின்றுவிட்டது. பெரிய டாக்டர் காத்திருக்கிறார். மேனேஜரின் குரல் மாறிவிட்டது.

"இது விளையாட்டு இல்லம்மா. ஏறச் சொல்லுங்க."

"ஏறினாலும் மழை மெலியாம வராது சார். மெலிஞ்சா ஏறாமலே வரும்."

"நான் அவன்கிட்டயே பேசிக்கிறேன்."

போனை வைத்துவிட்டார். டவரடியில் வேன் கதவு திறந்தது. என் மகன் இறங்கி பெல்ட்டைக் கட்டுகிறான். அவன் ஏணியில் ஒரு காலை வைத்துவிட்டான். மழையில் அவன் முகம் தெரியவில்லை. அந்தக் கால் தெரிந்தது. தோல் உரிந்த கால்.

போன் அடித்தது. அவன்தான்.

"ஏறச் சொல்றாரு."

"தெரியும்."

"ஒரு உசுரு கிடக்குதுடி அங்க."

"தெரியும். அதனாலதான் சொல்றேன். நீங்க ஏறினா அந்தப் படம் ஒரு நொடிகூட முன்னாடி வராது. நீங்க விழுந்தா ரெண்டு உசுரு."

"நிச்சயமா?"

"நிச்சயம்."

"போன தடவையும் நிச்சயம்னுதானே சொன்னே?"

"போன தடவை காது செவிடு. இப்ப கேக்குது."

கால் இன்னும் ஏணியிலேயே இருந்தது. எனக்கு 'இறங்குடா' என்று கத்த வேண்டும் போல இருந்தது. அவன் அத்தனை வருஷமும் ஏறி ஏறிச் சேர்த்த பேர் அந்த ஏணியில்தான் இருக்கிறது. அதை விட்டு அவனேதான் காலை எடுக்க வேண்டும். நான் சத்தம் போட்டு இறக்கினால் அம்மா பிள்ளை, அவள் சத்தம் போட்டு இறக்கினால் பெண்டாட்டி பிள்ளை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

கால் தரைக்கு வந்தது. அவன் வேனுக்குள் போய்க் கதவைச் சாத்தினான்.

மழை இன்னும் வலுத்தது. மேனேஜர் மறுபடி கூப்பிட்டுக் கத்தினார். அவள் போனை எடுத்து, "பாத்துக்கிட்டே இருங்க சார்," என்று மட்டும் சொல்லி, லைனை வெட்டாமல் மறுபடி தரையில் வைத்தாள். லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நான் பார்த்தேன், சரியாகவே பார்த்தேன்.

கொஞ்ச நேரத்தில் சத்தம் மாறியது. கொட்டுகிற மழை பெய்கிற மழையானது. டவர் மறுபடி தெளிவாகத் தெரிந்தது. வெளியே நின்றால் இன்னும் முழுக்க நனைந்துவிடும், அவ்வளவு மழை இருந்தது.

"சார், இப்ப வரும்."

மேனேஜர் எதையோ தட்டுகிற சத்தம் போனில் கேட்டது.

"சார்?"

"வந்துடுச்சு," என்றார். அடுத்து அவர் குரல் மெல்லக் கேட்டது. "படம் முழுசா போயிடுச்சு. டாக்டர் பாக்கிறாரு." பிறகு சந்தேகம் வந்துவிட்டது. "யார் ஏறினது?"

மேனேஜர் டவரடியில் இருந்த கயிற்றையும் அதே போன் பேச்சில் சேர்த்திருந்தார் போல. அவன் குரல்தான் வந்தது. "யாரும் ஏறல சார். ராசி வண்டிக்குள்ள உக்காந்து பிஸ்கட் தின்னுக்கிட்டிருக்கான். எனக்கு ஒண்ணுகூடத் தரல."

ஓட்டிலிருந்து விழுந்தவரைப் படகில் இந்தக் கரைக்குக் கொண்டுவந்து வைத்தியம் செய்தார்கள், பிழைத்துவிட்டார். மேனேஜர் மறுநாள் வீட்டுக்கு வந்தார். மருமகளிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, அந்த ஆளுக்கு அது வராது. கணக்கை முதலிலிருந்து சொல்லச் சொன்னார். மாவுத் தட்டைப் பார்க்கக் கேட்டார். சல்லடையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நான் போட்ட டீயை இரண்டு தடவை வாங்கிக் குடித்தார்.

இனி மழையில் யாரும் ஏறுவதில்லை என்று கம்பெனியில் முடிவாயிற்று. நடுத் தண்ணீரில் இருக்கிற மணல் திட்டில் ஒரு சின்ன டவர் நடுவது என்றும் முடிவாயிற்று. அலை ஒரே மூச்சில் தாண்டாமல் நடுவில் நின்று, புது மூச்சு வாங்கிப் போகும். பாதித் தூரத்துக்குள் பாதி மழைதான் குறுக்கே நிற்கும், அதைத் தாங்கிவிடும். எந்த இடத்தில், எவ்வளவு பலத்தோடு என்று எல்லாம் மருமகளின் துளிக் கணக்கு சொன்னபடி.

வெயில் காலத்தில் அந்த டவரை நட்டது என் மகன்தான். அதற்கு முன்னால் பழைய டவரில் ஏறி டிஷ்ஷை அளந்து பார்த்தவன், இறங்கி வந்து தலையைச் சொறிந்தான்.

"டிஷ் நிஜமாவே கொஞ்சம் திரும்பித்தான் இருந்துச்சு."

"பாத்தியா, மேனேஜர் சொன்னது கொஞ்சம் உண்மைதானே!" என்றேன்.

"இல்லம்மா. ஒவ்வொரு தடவையும் நான்தான் தளர்த்தி முறுக்கி, தளர்த்தி முறுக்கித் திருப்பி வச்சிருக்கேன்."

மருமகள் சிரித்தாள். நாய் எழுந்து நின்றது. இவனும் சேர்ந்து சிரித்தான். அவனை இப்போதும் ராசி என்றுதான் கூப்பிடுகிறார்கள். கயிறு மட்டும், கை வைக்காமல் இருக்கிறதுதான் இவன் ராசி என்று சொல்லிக்கொண்டு திரிகிறான்.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. மாவு டப்பாவை எடுக்கிற சத்தம் கேட்கிறது, நாளைக்கு ரொட்டிக்கு மாவு இருக்காது, அது ஒரு விதத்தில் நல்லதுதான். சலவை மெஷின் மேலே நனைகிறது, அதற்கு இன்னும் கூரை போட விடவில்லை அவள். மகன் உள்ளே வாயைத் திறந்து தூங்குகிறான். அவன் பெல்ட் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. தொட்டுப் பார்த்தேன். காய்ந்து கிடக்கிறது.